எத்திராஜ் வீட்டு வாசலில் உன் அம்மா

மகனே,

பெங்களூர்ப் பட்டாளப் பயிற்சியிலிருந்து நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, எல்லோரும் நல்லவர்கள், கவலைப்பட வேண்டாம் என்று மூன்று வரி எழுதியிருக்கிறாய். கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே ஊரிலிருந்து ஏறக்குறைய அதே மூன்று வரியை நானும் என் நைனாவுக்கு எழுதினேன். அன்று என் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து கிடந்தன. சாப்பாடு வாயில் வைக்கும்படி இல்லை. அதனால் உன் கார்டை நான் அப்படியே நம்பிவிடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நீ கிளம்பிய அன்று பழவேற்காடு படகுத்துறையில் நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று எத்திராஜ் துறைக்கு வந்திருந்தார். வலது கை மடங்காத மனிதர், இடது கையைத் தூக்கி உன் தலையில் வைக்க வந்தார். நீ விலகி நின்றாய். அவர் கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஏறும்போது உன் அம்மாவிடம், "இந்தாளு வூட்டு வாசல்ல நீ போய் நின்னு கெஞ்சுனியே, அதை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்மா" என்று சொன்னாய். அம்மா கருவாட்டுப் பொட்டலத்தை உன் பைக்குள் திணித்துவிட்டு நின்றாள். அவள் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன். அவள் அந்த வாசலில் நின்றது நிஜம். கெஞ்சினாள் என்பது மட்டும் தப்பு. அன்று உனக்குப் பன்னிரண்டு வயசு. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், எத்திராஜின் சம்சாரம் போட்ட கூச்சல்தான் உன் காதில் விழுந்திருக்கும்.

நான் செய்ததை நீ ஊர்வாயில் பலவிதமாகக் கேட்டிருப்பாய், என் வாயால் கேட்டதில்லை. எழுபத்தொன்றில் வங்காளப் போர் முடிந்து இரண்டு வருஷத்தில் நான் பட்டாளத்தைவிட்டு நம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தேன். பாலம் போடுகிற பிரிவில் இருந்தவன். ஆற்றின் நடுவில் என் கையிலிருந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் குண்டு பட்டுத் தண்ணீரில் போனதைப் பார்த்தவன். ஊருக்கு வந்தபின் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடித்தேன். சின்னச் சத்தத்துக்கும் கை ஓங்கினேன். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்து நடக்கும் பாடு உனக்குத் தெரியும். இறாலுக்கு விலை ஏறி ஐஸ் வண்டிகள் வர ஆரம்பித்த காலம் அது, பாடு தவறினால் சண்டை வரும். ஒருநாள் காலை என் முறையில் எத்திராஜ் வலையை இறக்கிவிட்டார். உண்மையில் அது என் முறை இல்லை, நாளைத் தவறாக நினைத்துக்கொண்டவன் நான்தான். இதை நான் கோர்ட்டில்கூடச் சொல்லவில்லை. "பட்டாளத்துல பயந்து ஓடியாந்தவனுக்கு இன்னாடா பாடு?" என்று அவர் கேட்டார். தோணி தள்ளுகிற கழி என் கையில் இருந்தது. அவர் கை முழங்கையில் நொறுங்கியது. மறுபடி ஒரு நாளும் அந்தக் கையால் அவர் வலை இழுக்கவில்லை. எனக்கு ஏழு வருஷம் தண்டனை. வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அம்மா மாதம் ஒரு தடவை மனு போட்டு என்னைப் பார்க்க வருவாள். விடியுமுன் குப்பத்திலிருந்து படகேறி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரி, மெட்ராஸ், அங்கிருந்து வேலூர். அவ்வளவு தூரம் வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிஷம். இந்தப் பக்கம் இருபது கைதிகள், அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு ஜனம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். முதல் வருஷம் முழுக்க எல்லோரையும் போல அவளும் நானும் "நல்லா கீறியா", "நல்லா கீறேன்" என்று கத்திவிட்டுப் பிரிந்தோம்.

அதை மாற்றியது ஒரு டிரைவர். ராணுவ லாரி ஓட்டியவர், ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், என்னைப் போலவே பட்டாளத்திலிருந்து வந்து அடிதடியில் உள்ளே வந்தவர். ஜெயிலில் எங்களைப் போன்ற பழைய சிப்பாய்கள் நாலைந்து பேர் இருந்தோம், தச்சுப்பட்டறையில் சேர்ந்தே உட்காருவோம். டிரைவரைப் பார்க்க அவர் அக்கா வருவார். ஒவ்வொரு தடவையும் "எல்லாம் நல்லா இருக்காங்க" என்று சொல்வார். டிரைவர் சந்தோஷமாக விடுதலையாகிப் போனார். ஒன்றரை மாதத்தில் புதுத் தண்டனையோடு திரும்பி வந்தார். வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்ததாம். அவருடைய தாயார் செத்து இரண்டு வருஷம். சம்சாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஒரே பகலில் எல்லாம் தெரிந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து குடித்தார், ஏதோ கேட்ட கண்டக்டரை அடித்துத் தள்ளினார். அடுத்த மாதம் அந்த அக்காவும் உன் அம்மாவும் மனு வரிசையில் ஒன்றாக நின்றார்கள். "உள்ள இருக்கிறவனுக்கு மனசு கஷ்டமாயிடுமேனு சொல்லாம விட்டேன்மா, நானே என் தம்பியைத் திருப்பி உள்ள தள்ளிட்டேன்" என்று அந்த அம்மாள் அழுதிருக்கிறார். உன் அம்மா அன்று என்னிடம் வந்து நின்றதும் சொன்னது இது:

"யோவ், இனிமே மாசத்துக்கு ஒரு நெசம் சொல்லப் போறேன். நல்லதோ கெட்டதோ. நீ கோவிச்சிக்கினாலும் சொல்லுவேன். வெளிய வர்ற அன்னிக்கு உனக்குத் தெரியாதது ஒண்ணும் ஊர்ல மிச்சம் இருக்கக் கூடாது."

அன்றைக்கே ஆரம்பித்தாள். என் வலையை எலி கடித்துவிட்டது, இனி அது உதவாது என்றாள். அடுத்த மாதம், என் அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டதைச் சொன்னாள். பிறகு குப்பத்தில் நைலான் வலை வந்ததை, என்னோடு தொழில் செய்தவர்கள் புது ஆட்களோடு சேர்ந்துகொண்டதை, என் நைனாவுக்குக் கண் மங்கியதை, பின்னால் ஒரு ஐப்பசியில் அவர் போனதைச் சொன்னாள். ஒரு தடவை, "பையன் பள்ளிக்கூடத்துல அப்பா பேரு கேட்டா சொல்ல மாட்டேன்றான். வாத்தியார் அடிச்சும் சொல்லல" என்றாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தியா? இனிமே வராத, போ" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. "வெளிய வந்து அவன் மூஞ்சைப் பார்த்து இதைத் தெரிஞ்சிக்கினா அவனை அடிப்ப. இங்க தெரிஞ்சிக்கோ. இங்க அடிக்கறதுக்கு யாரும் இல்ல" என்றாள். இதற்காக நீ இன்று வெட்கப்படாதே. உன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் ஜெயிலுக்குள்ளேயே தீர்ந்துபோனது, உன்வரைக்கும் வரவில்லை. அது அவள் செய்த காரியம்.

அவள் சும்மா செய்தி சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை, கேள்வியும் கேட்பாள். "வெளிய வந்து காலைல எப்படி எழுந்திருப்ப?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "விசில் அடிச்சா எழுந்திருப்பேன்" என்று வாய் தானாகச் சொன்னது. "குப்பத்துல யாரு உனக்கு விசில் அடிப்பாங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பத்து வருஷம் பட்டாளத்தில், அதற்குப் பிறகு ஜெயிலில், எப்போது எழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்று எனக்கு வேறொருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் குப்பத்தில் இருந்த ஒரு வருஷம் எதையும் சொல்ல ஆளில்லாமல்தான் நான் கெட்டேன். அன்றிலிருந்து விசிலுக்குக் கால் மணி முன்னால் நானாகவே எழுந்து உட்கார்ந்து பழகினேன். என்னைப் பார்த்து மற்ற சிப்பாய்களும் பழகினார்கள். வார்டர் சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

எங்கள் பட்டறையில் வெங்கையா இருந்தான், அவனும் பழைய சிப்பாய்தான். உனக்குத் தெரிந்த அதே வெங்கையா மாமாதான், பொங்கலுக்குப் புது அரிசி கொண்டுவருகிறவன். எளாவூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர். வயலுக்குத் தண்ணீர் விடுகிற தகராறில் ஒருவரை மண்வெட்டியால் அடித்து, அவர் செத்துப்போய், நீண்ட தண்டனையோடு வந்தவன். அவனைப் பார்க்க யாருமே வருவதில்லை. "அண்ணா, அக்காவை எங்க ஊருக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வரச் சொல்றியா? எங்கம்மா எப்படி இருக்குனு தெரிஞ்சா போதும்" என்று என்னிடம் கேட்டான். நான் உன் அம்மாவிடம் சொன்னேன், சரி என்றாள். போனாள். அவன் தாயார் இறந்துபோயிருந்தார். தம்பிக்காரன் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாகிட்ட இப்ப சொல்ல வேணாம்மா" என்றிருக்கிறான். இவள் அடுத்த மனுவில் வெங்கையாவின் பேரையும் எழுதிக்கொடுத்தாள். என்ன உறவு என்று கேட்டதற்கு அக்கா என்றாள். அவன் வந்து நின்றதும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

வெங்கையா அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி விறைத்து நின்றான். "எப்போ? யாரு கொள்ளி வெச்சாங்க?" என்று கேட்டான்.

"தை மாசம். உன் தம்பிதான் வெச்சான். கடைசி வாரம் வரைக்கும் கஞ்சி குடிச்சாங்களாம். வலினு ஒண்ணும் இல்லையாம்."

"என் பேரைச் சொல்லிச்சா, அக்கா?"

அந்த இடத்தில் நானாக இருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். உன் அம்மா கம்பி வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கேட்டேன், வெங்கையா. இல்லைனு சொன்னாங்க. கடைசி நாலு நாளு நினைவே இல்லையாம். யார் பேரையும் சொல்லலையாம்" என்றாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். எழுப்ப வந்த வார்டரை இன்னொரு வார்டர் தடுத்து, "இருக்கட்டும் விடு" என்றார். அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் வெங்கையா நம்பினான். அடுத்த மாதம், "உன் நிலத்துல உன் தம்பி பயிர் வெச்சிருக்கான். நீ வந்தா புடுங்கிக்குவியோனு பயந்துகினு கீறான். நீ இன்னா செய்யப் போறேனு இப்பவே யோசி" என்று அவள் சொன்னபோது, அவன் ஒரு வருஷம் யோசித்தான். பாதியைத் தம்பிக்கே விட்டுவிட்டுப் பாதியை மட்டும் கேட்பது என்று முடிவு செய்து, அதை அவள் மூலமாகவே சொல்லி அனுப்பினான். விடுதலையாகி ஊருக்குப் போனபோது தம்பி மாலையோடு நின்றான் என்றெல்லாம் நான் கதை சொல்ல மாட்டேன். ஆனால் சோறு போட்டான். ஜெயிலிலிருந்து வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

என் விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கும்போது அம்மா எத்திராஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "அவரு எதிர்ல வந்தா இன்னா சொல்லுவ?" என்றாள். "நடந்தது நடந்துபோச்சு, மனசுல வெச்சிக்காதே, அப்டீனு சொல்லுவேன்" என்றேன். அவள் முகம் சுளித்தாள். "கையை உடைச்சிட்டு அவருக்கே ஆர்டர் போடறியா? மறுபடி சொல்லு." அடுத்த மாதம் வேறொன்று சொன்னேன். அதில் போர், குடி, கோபம் என்று காரணங்கள் இருந்தன. "இது வக்கீல் பேசறது. மறுபடி சொல்லு" என்றாள். சுற்றி இருபது பேர் கத்துகிற இடத்தில், ஐந்து மாதம், அவளுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் போல நான் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கைதிகள்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்றே வாக்கியம். அன்றைக்குப் பாடு உன்னுடையது. உன் கையை உடைத்தது நான். நான் எங்கே நிற்க வேண்டும் என்று நீயே சொல்.

நான் வருவதற்கு முந்தைய நாள்தான் அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு எத்திராஜ் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று என்னிடம் அவள் சொன்னதில்லை. எத்திராஜேதான் சொன்னார், நான் திரும்பி வந்து மூன்று வருஷம் கழித்து, அவர் மகனுடைய தோணிக்கு நான் பலகை மாற்றிக்கொண்டிருந்தபோது. அவருடைய சம்சாரம் முதலில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததாம். அம்மா நகரவில்லையாம். எத்திராஜ் வெளியே வந்ததும் சொன்னாளாம்: "மன்னிக்கச் சொல்லி நான் வரல. அது அவரு கேக்க வேண்டியது, நீ குடுக்கவும் குடுக்கலாம், குடுக்காமலும் இருக்கலாம். அவரு நாளைக்கு மதியம் படகுல வர்றாரு. தெருவுல திடீர்னு அந்த மூஞ்சைப் பார்த்து நீ தெரிஞ்சிக்கக் கூடாது. அதான் முன்னாடியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

புரிகிறதா மகனே? எனக்குக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று எதைக் கொடுத்தாளோ அதையே அவருக்கும் கொடுக்கப் போயிருக்கிறாள். "ஜட்ஜ் கேக்கல, போலீஸ் கேக்கல, ஊர்ப் பெரியவங்க கேக்கல. இத்தினி வருஷத்துல என்னை ஒரு மனுசனா நெனைச்சு சேதி சொன்னது உன் பொண்டாட்டி ஒருத்திதான்" என்று எத்திராஜ் என்னிடம் சொன்னார். அவள் அப்படிச் சொல்லிவிட்டு வந்த மறுநாள் நான் அவர் எதிரில் போய் நின்றபோது, பழகி வைத்த மூன்று வாக்கியத்தில் இரண்டுதான் வாயில் வந்தது. மூன்றாவதைக் கேட்காமலே அவர் பதில் சொன்னார். "தண்ணிக்கு வராத. கரையில இரு." நான் இருந்தேன். ஜெயிலில் கற்ற தச்சு வேலை கையில் இருந்தது, தோணி பழுது பார்க்கிறவனானேன். ஏரியில் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் கரையிலேயே நிற்பது சுலபமில்லை. ஆனால் அது அவர் கேட்டது, சின்னதாகத்தான் கேட்டார்.

நான் வந்தபிறகும் அம்மா வேலூர் போவதை நிறுத்தவில்லை. வெங்கையா வெளியே வரும்வரை போனாள். அவன் வந்தபின் வேறு சிப்பாய்கள் இருந்தார்கள். ஒருவருடைய ஊருக்குப் போய்ச் செய்தி கேட்பாள், இன்னொருவருடைய பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பழைய சிப்பாய்களுக்கு உதவி செய்கிற சோல்ஜர் போர்டு ஆபீஸ் படியேறுவாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது உனக்குத் தெரியும். ஜெயிலில் ஒரு அதிகாரி அவளுக்கென்று கம்பி வலைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டுக்கொடுத்தார். விடுதலையாகப் போகிறவர்களை அங்கே உட்காரவைத்து, எனக்குச் செய்தது போல, "மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு" என்று பழக்குவாள். கருவாட்டுக் கூடை சுமக்கிற ஒரு பெண்ணின் முன்னால் ஆறடி சிப்பாய்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக்கு முன்னால் நின்ற பல பேரோடு நான் இருந்திருக்கிறேன், இவளுக்கு இருக்கிற நெஞ்சுரம் அவர்களில் யாரிடமும் பார்த்ததில்லை. நீ அங்கே பெரிய வீரர்களைப் பற்றிக் கேள்விப்படுவாய், மரியாதை செய். உன் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதும் உன் நினைவில் இருக்கட்டும்.

இவ்வளவையும் எழுதி, நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். இறால் ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "எல்லாம் சரிதான். ஒண்ணு உடுபட்டுப் போச்சு" என்றாள். நடுவில் ஒரு தடவை அவள் இரண்டு மாதம் வராமல் இருந்தாள். உனக்கு அம்மை போட்டிருந்தது என்று அப்போது என்னிடம் சொன்னாள். நான் அதை மறந்தேபோயிருந்தேன்.

"அவனுக்கு அம்மை ஒண்ணும் போடல. நான் உன்னை உட்டுட்டுப் போயிட்டேன்" என்றாள். "எண்ணூர்ல எங்கண்ணன் வூட்டுக்கு, அவனையும் இட்டுக்கினு. அலுத்துப் போச்சுய்யா. திரும்பி வர்றதா இல்ல."

எண்ணூரில் மாமா வீட்டில் அந்தக் காலத்தில் நீ இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், மகனே. எனக்குத்தான் தெரியாது.

"அப்புறம் ஏன் வந்த?" என்று கேட்டேன்.

"வெங்கையாகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே. அண்ணன் வூட்டுலேர்ந்து எளாவூர் போனேன். அவங்கம்மா செத்துப் போனது தெரிஞ்சுது. நான் சொல்லலைனா அவனுக்கு யாரு சொல்லுவா? அவன்கிட்ட சொல்லத்தான் வேலூர் வந்தேன், உன்னைப் பார்க்க இல்ல. மனு எழுதறவரு, 'உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடணுமா'னு கேட்டாரு. வேணாம்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. எழுதுங்கனு சொல்லிட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. மாசத்துக்கு ஒரு நெசம்னு சொன்னவதானே நீ?"

"அன்னிக்கு சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்ட. இன்னிக்குத் தாங்குவ" என்றாள். கூடையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "அதையும் எழுது. அவன் என்னைப் பத்தித் தெரிஞ்சிக்கணும்னா முழுசாத் தெரிஞ்சிக்கட்டும்."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். தாங்குகிறேனா என்று இன்னும் தெரியவில்லை. நேற்றிலிருந்து அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், "இன்னா?" என்று கேட்கிறாள், ஒன்றுமில்லை என்கிறேன்.

உன் நைனா